சிறு குளமும் சிறுவாய் மீனும்

தூண்டிலுடன் கரையில் அமர்ந்திருப்பவனைச் சோம்பேறி எனக் கருதுவோர் உண்டு. வட அமெரிக்காவின் 'ஸ்மால்மௌத் பாஸ்' என்னும் மீனைத் தெளிந்த நீருள்ள ஒரு சிறு குளத்தில் பிடிக்க முயன்றிருந்தால் அவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். காலை முதல் மாலை வரை கரையைச் சுற்றிவிட்டு வெறும் வாளியுடன் வீடு திரும்புவோர் அங்கே பலர். குளத்தில் மீன் இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் மீனைக் காணுமுன் மீன் அவர்களைக் கண்டுவிடுகிறது.

சிறுவாய் எனப் பெயர் பெற்றிருந்தாலும் அதன் வாய் அப்படியொன்றும் சிறியதன்று. அதன் நெருங்கிய உறவான பெரியவாய் பாஸுக்கு மேல்தாடை கண்ணையும் கடந்து பின்னோக்கி நீளும். இதற்குக் கண்ணளவோடு நின்றுவிடும். அந்த ஒப்பீட்டில் பிறந்த பெயரே இது. வெண்கல நிறமும், விலாவில் மங்கிய செங்குத்துப் பட்டைகளும், பெரும்பாலும் சிவந்த கண்ணும் இதன் அடையாளங்கள். 1802-இல் பிரெஞ்சு இயற்கை அறிஞர் லாசெபேது இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள பேரேரிகளும், ஒஹாயோ, டென்னசி ஆறுகளும் இதன் தாயகத்தைச் சேர்ந்தவை. குளிர்ந்த தெளிநீரும் பாறையும் கூழாங்கல்லும் இதற்கு வேண்டும். ஆகவே சேறு மண்டிய வெதுவெதுப்பான குட்டைகளில் இது தழைப்பதில்லை. ஆழமும் கல்லடித்தளமும் உள்ள பண்ணைக் குளங்களில் உரிமையாளர்கள் இதைக் கொண்டுவந்து விடுவதுண்டு.

இம்மீனின் எச்சரிக்கை உணர்வு பழக்கத்தால் வருவதா, பிறவியிலேயே அமைவதா? இதற்கு விடை தேடியவர்கள் இல்லினாய் மாநில ஆய்வாளர்கள். அங்கே ஃபாக்ஸ் ரிட்ஜ் பூங்காவிலுள்ள ரிட்ஜ் ஏரி என்னும் சிறு நீர்நிலையில் 1975-இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஆய்வுக்குரியது சிறுவாய் மீன் அன்று, அதன் உறவான பெரியவாய் பாஸ். தூண்டிலில் சிக்கிய ஒவ்வொரு மீனையும் அளந்து, அடையாளமிட்டு, மீண்டும் நீரில் விட்டார்கள். ஒரு மீன் முதல் இரண்டு நாட்களிலேயே 3 முறை சிக்கியது. இன்னொன்று ஒரே ஆண்டில் 16 முறை சிக்கியது! நான்காண்டுகளுக்குப் பின் நீரை வடித்துப் பார்த்தபோது 1,700-க்கும் மேற்பட்ட மீன்கள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 200 மீன்கள் ஒருமுறைகூடத் தூண்டிலைத் தீண்டியிருக்கவில்லை. எளிதில் சிக்குவனவற்றைத் தனியாகவும் சிக்காதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்வித்தபோது, தலைமுறை தோறும் இரு கூட்டத்தாருக்கும் இடையிலான வேறுபாடு கூடிக்கொண்டே சென்றது. 2009-இல் வெளியான இந்த ஆய்வு முடிவு, சிக்கும் குணம் ஓரளவு பரம்பரையாக வருவது என மெய்ப்பித்தது.

சிறு குளத்துக்காரர் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். துணிந்து இரையைக் கவ்வும் மீன்களையெல்லாம் ஆண்டுதோறும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் எஞ்சுபவை எவை? கவ்வாதவை. அவற்றின் குஞ்சுகளே பின்னர் குளத்தை நிரப்பும். "இந்தக் குளத்து மீன் மகா தந்திரம்" என்று அலுத்துக்கொள்பவர், அந்தத் தந்திரத்தை வளர்த்தவர் யார் என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

சரி, தந்திரமுள்ள மீனைப் பிடிப்பது எவ்வாறு? முதலில் அதன் கண்ணைப் பற்றி அறிய வேண்டும். நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. ஒளி வளைவதால் நேரும் விளைவு இது. 3 அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சாளரத்தின் குறுக்களவு சுமார் 7 அடி. கரையில் நிமிர்ந்து நிற்கும் மனிதன் அதில் தெளிவாகத் தெரிவான். தாழ்ந்து தொலைவில் இருப்பவை மட்டும் வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். 30 அடி தொலைவில் 5 அடி உயரத்துக்குள் அடங்கியிருப்பவர் ஏறத்தாழ மறைந்தவர் ஆவார். எனவே குனிந்து செல்வதும், புதருக்குப் பின்னால் மண்டியிட்டு அமர்வதும் வீண் வேடிக்கை அல்ல. நிழல் நீரில் விழாதபடி சூரியனை முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அடுத்தது காலடி. மீனின் விலாவில் தலை முதல் வால் வரை ஓடும் உணர்கோடு நீரின் மிகச் சிறிய அசைவையும் அறியும். கரையில் திம்திம்மென்று நடப்பவரின் அதிர்வு மண் வழியே நீருக்குள் போய்ச் சேர்கிறது. பேச்சொலி அவ்வளவாக நீருக்குள் புகுவதில்லை. ஆகவே பிள்ளைகளைப் பேசாதே என்று அதட்டுவதைவிட ஓடாதே என்று சொல்வதே பயன் தரும்.

நரம்பு மெல்லியதாக, 6 பவுண்டு தாங்கக்கூடியதாக இருந்தால் போதும். ஃபுளோரோகார்பன் நரம்பு ஒளியை வளைக்கும் அளவில் நைலானைவிட நீருக்கு நெருங்கியது. எனவே தெளிநீரில் குறைவாகவே தெரியும். இரைகளில் இம்மீன் பெரிதும் விரும்புவது நன்னீர்க் கல்லிறால். அதைப் போன்ற பழுப்பு நிற ரப்பர் இரையை மீன் நிற்கும் இடத்துக்கு அப்பால் எறிந்து, அடியில் படியவிட்டு, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். மீனின் தலைமேலேயே எறிவது விரட்டுவதற்குச் சமம். நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை உண்டு. அவற்றை விழுங்கிய லூன் என்னும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி மடிந்ததே காரணம். வெள்ளீயம், டங்ஸ்டன் குண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. நேரத்தைப் பொறுத்தவரை விடியலும் அந்தியும் சிறந்தவை. கோடை நண்பகலில் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது போராடித் தோற்ற மீன் வெந்நீரில் பிழைப்பதும் அரிது.

இனி, இளவேனிற்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீரின் வெப்பம் 15 பாகையைத் தாண்டும்போது ஆண் மீன் சரளைக் கற்களில் வாலால் குழி பறித்துக் கூடமைக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைகளையும், பொரிந்த குஞ்சுகளையும் வாரக்கணக்கில் காவல் காப்பது தந்தைதான். விரால் தன் செங்குஞ்சுக் கூட்டத்தைக் காப்பதைக் கண்மாயில் கண்டவர்களுக்கு இது புதிதன்று. அந்நாட்களில் அது எதைக் கண்டாலும் பாய்ந்து கடிக்கும். வேறு நாளில் நெருங்கவே விடாத மீன் அன்று எளிதாகச் சிக்கும். ஆனால் அதைத் தூக்கிப் படம் எடுக்கும் சில நிமிடங்களுக்குள் சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. 2012-இல் ரிட்ஜ் ஏரி மீன்களின் வழித்தோன்றல்களைக் கொண்டு செய்த ஆய்வில், எளிதில் சிக்குபவையே சிறந்த காவலர்கள் என்றும் தெரியவந்தது. கூட்டில் நிற்கும் மீனைப் பிடிப்பதில் திறமை எதுவுமில்லை என்பது என் எண்ணம். குஞ்சுகள் பிரிந்து போகும்வரை பொறுத்திருப்பதே முறை.

பிடித்ததை உண்பதா, விடுவதா? பசிக்கு ஒன்றிரண்டு நடுத்தர மீன்களை எடுத்துக்கொள்வதில் குறையில்லை. விடுவதானால் முட்பிசிறு இல்லாத தூண்டில் முள்ளைப் பயன்படுத்தி, கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே கழற்றிவிட வேண்டும். உலர்ந்த கை மீனின் வழவழப்பு உறையைச் சிதைத்துவிடும். குளம் பிறருடையதானால் அனுமதி பெறாமல் இறங்கலாகாது. மாநில அரசின் உரிமச் சீட்டு தேவையா என்பதையும் முன்னரே கேட்டறிவது நல்லது.

ஒன்றை மட்டும் எந்நாளும் செய்யலாகாது. குளத்து மீனை வாளியில் எடுத்துச் சென்று வேறொரு ஆற்றிலோ ஏரியிலோ விடுவது! இம்மீன் தென்னாப்பிரிக்காவுக்கு 1937-இல் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே செடர்பெர்க் மலையின் ரோண்டெகாட் ஆற்றில் புகுந்து, உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. 2012-இல் அந்த ஆற்றின் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு மருந்திட்டு, பாஸ் மீன்களை ஒழிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டும் அதைச் செய்தார்கள். அதன் பின்னர் மேல்பகுதியில் எஞ்சியிருந்த அந்நாட்டுச் சிறு மீன்கள் மெல்ல இறங்கி வந்து, தம் பழைய இடங்களில் மீண்டும் குடியேறின.