வாரம் ஒரு காசு

ஒரு கல்லூரியிலோ கோயிலிலோ புதிய மண்டபம் எழுந்தால், அதன் வாயிலில் நம் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது பளிங்குக் கல்லேயாகும். கொடுத்தவர் பெயர், அவர்தம் பட்டம், யார் நினைவாகக் கொடுத்தார் என்ற செய்தி ஆகிய யாவும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். மின்விளக்கிலும் மின்விசிறியின் இறக்கைகளிலுங்கூடப் பெயரெழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு; விளக்கொளியிற் பாதியை உபயகாரர் பெயரே மறைத்துவிடுகின்றது. கொடுத்தவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்பதில் ஐயமில்லை. செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த நூல் பிறந்த மொழி நமது மொழி. ஆயின், பெயரைக் கல்லில் வெட்டிவிட்டால் நன்றிக் கடன் தீர்ந்துவிடுமா? இவ்வினாவை ஆராய்வதற்குக் கத்தோலிக்கத் துறவற சபைகளின் வரலாறு பெரிதும் துணைபுரியும். தமக்கெனப் பொருள் வைத்துக்கொள்ளாதவர்கள், பிறர் ஈகையைக்கொண்டே பெரும் பணிகளை நடத்தியவர்கள், நன்றி சொல்லும் முறையைப் பல நூற்றாண்டுகளாகப் பயின்றவர்கள் அவர்கள்.

ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள ரைஹனாவு என்னுந் தீவு மடத்தில் 9ஆம் நூற்றாண்டிலே பெயரேடு ஒன்று எழுதத் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 38,000 பெயர்கள் அதில் உள்ளன. மன்னரும் துறவியரும், இருந்தாரும் இறந்தாரும், அருகருகே நெருக்கி எழுதப்பட்டிருக்கின்றனர். இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயத்திலும் இத்தகைய ஏடு ஒன்று இருந்தது. அதன் பழைய பக்கங்கள் பொன்மையாலும் வெள்ளிமையாலும் எழுதப்பட்டவை. அவ்வளவு பொன் செலவிட்டும், அவ்வேட்டை வாயிலிலே தொங்கவிடவில்லை, பலிபீடத்தின்மேல் வைத்தார்கள். பூசையின்போது இறைவன் திருமுன் அப்பெயர்கள் இருக்கவேண்டும் என்பதே நோக்கம். வழிப்போக்கர் வாசித்து வியக்கவேண்டும் என்பதன்று. மடங்களின் உணவறையிலே, உண்டெழுந்தபின் உபகாரிகளுக்காகச் சொல்லப்படும் சிறு மன்றாட்டும் மிகப் பழையது. நன்மை செய்த அனைவருக்கும் என்று பொதுவாகச் சொல்லி அது முடிந்துவிடும். இன்னார் இவ்வளவு தந்தார் என்ற பேச்சே அதில் இல்லை.

மன்னர்களும் நிலக்கிழார்களும் கொடுத்த காலம் அது. ஏழையரே உபகாரிகளாகிய காலத்துக்கு இனி வருவோம். பட்டு நெசவுக்குப் பெயர்போன பிரெஞ்சு நகரம் லியோன். அங்கே ஒரு பட்டு வணிகரின் மகளாக 1799இற் பிறந்தவர் போலின் ஜாரிக்கோ. தொலைநாடுகளில் மறைப்பணி புரியும் குருமாருக்கு உதவி திரட்ட அவர் கண்ட வழி மிக எளியது. ஒருவர் வாரந்தோறும் ஒரு 'சூ' தரவேண்டும். அதுவே அக்காலத்துச் சிறு செப்புக் காசு, ஒரு பிராங்கின் இருபதில் ஒரு பங்கு. அவ்வாறு தருவோர் பதின்மரை ஒருவர் சேர்க்கவேண்டும். பத்துப் பத்தாகச் சேர்ந்து நூறாகும். நூறு பத்தாகி ஆயிரமாகும். ஓராண்டில் ஒருவர் கொடுப்பது 2 பிராங்கு 60 சதமே. பதின்மர் கொடுப்பது 26 பிராங்கு. பட்டாலைகளிலே கூலிக்கு உழைத்த பெண்களாலும் இது கொடுக்கக்கூடியதாயிற்று. 1822ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் தேதி இம்முயற்சி 'விசுவாசப் பரப்புதற் சங்கம்' என முறையாக அமைக்கப்பட்டது. உலைவைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் இடும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் வலிமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தனை ஆயிரம் பேருக்கு நன்றி சொல்வது எவ்வாறு? இவர்கள் பெயரையெல்லாம் வெட்டுவதற்கு எந்த மலையிலும் கல் போதாது. அச்சங்கம் கண்ட முறை, என் கருத்தில், பளிங்குக் கல்லினும் ஆயிரம் மடங்கு மேலானது. தொலைநாடுகளிலிருந்து குருமார் எழுதிய கடிதங்களையும், எந்நாட்டுக்கு எவ்வளவு தொகை பகிரப்பட்டது என்ற கணக்கையும் அச்சிட்டு வெளியிட்டது. பதின்மர் கொண்ட குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி. அதைக் கைமாற்றிப் படித்துக்கொள்ளலாம். வாரம் ஒரு காசு கொடுத்த தையற்காரியும், நூறு பிராங்கு கொடுத்த வணிகனும் வாசித்தது ஒரே கடிதம், ஒரே கணக்கு. 'உமது காசு இவ்விடம் வந்து சேர்ந்தது. இன்னது செய்தது' என்று கொடுத்தவருக்குச் சொல்வதைவிட அவரை மதிக்கும் வழி வேறென்ன இருக்கிறது?

இக்கதை நமக்குத் தொலைவானதன்று. 1847ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் தேதி, அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த நால்வர் காலித் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களின் தலைவர் செமேரியா அடிகளார். பின்னர் யாழ்ப்பாணத்தின் மேற்றிராணியார் ஆனவர். அச்சபையை 1816இல் நிறுவிய யூஜின் தெ மசெனோ ஆண்டகை அப்போது மார்செய் நகரின் மேற்றிராணியாராக இருந்தார். அவர் லியோன் சங்கத்தாருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. கேட்பதும், கணக்குச் சொல்வதும், நன்றி கூறுவதுமாக அமைந்தவை அவை. யாழ்ப்பாண மிசனும் அச்சங்கத்தின் உதவியைப் பெற்றது. பின்னாளிலே புனித பத்திரிசியார் கல்லூரியாக வளர்ந்த பள்ளி 1850இல் தொடங்கியது இச்சூழலிலேதான். இங்கே எழுந்த கோயில்களிலும் பள்ளிகளிலும், யாழ்ப்பாணம் எத்திசையில் இருக்கிறதென்றே அறியாத நெசவுக்காரிகளின் செப்புக் காசும் கலந்திருக்கின்றது. அவர்களுள் ஒருத்தியின் பெயரையும் நாம் அறியோம்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு குறையையும் மறைக்காது சொல்லவேண்டும். கணக்குச் சொல்லும் கடிதமே மேலும் கேட்கும் கடிதமாகவும் இருந்தமையால், அதில் ஓர் ஆபத்து உண்டாயிற்று. கொடுப்பவர் மனம் இளகவேண்டுமாயின் பெறுபவரின் இருள் கருமையாகத் தோன்றவேண்டும். அக்கால மறைப்பணிக் கடிதங்கள் பலவற்றிலே நம் முன்னோர் அறியாமையில் உழலும் பரிதாபத்துக்குரியோராகவே காட்டப்பெறுகின்றனர். அவர்களுக்கு இலக்கியம் இருந்ததும், தர்க்கம் இருந்ததும், வந்தவர்களோடு வாதாடும் வல்லமை இருந்ததும் அங்கே சிறுத்துவிடுகின்றன. நன்றி சொல்லப் புகுந்தவர் உபகாரியை மட்டும் நோக்கி எழுதினால், உதவி பெற்றவனை ஒரு காட்சிப் பொருளாக்கிவிடுகின்றார். இன்றும் தர்ம நிறுவனங்கள் சில, அழும் குழந்தையின் படத்தை அச்சிட்டு அனுப்புவது இப்பழைய பிழையின் தொடர்ச்சியே. அத்துடன், இங்குள்ள எளியவர் கொடுத்த மரமும் நெல்லும் உடலுழைப்பும் லியோனுக்குச் செல்லும் கணக்கில் எவ்வளவு இடம்பெற முடியும்? காசாகக் கொடுத்தவனே உபகாரி. கல் சுமந்தவன் வெறும் பயனாளி என்றாகிவிடுகிறது.

இன்னொரு மறதி இதனினும் கொடியது. போலின் ஜாரிக்கோ தொழிலாளர் நலத்துக்காக ஒரு பெருந்திட்டத்தில் தம் செல்வத்தை ஈடுபடுத்தினார். நம்பியவர்கள் ஏமாற்றினர். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் கடன்காரருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலைந்தார். நகரத்தின் ஏழைகள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. ஒரு சூ கொடுத்தவருக்கும் தவறாமற் கணக்கு அனுப்பிய சங்கத்தை நடத்தியோர், அவரை நிறுவுநரென்று ஒப்புக்கொள்ளவே மறுத்தனர். 1862ஆம் ஆண்டு சனவரியில் அவர் வறுமையிலே இறந்தார். திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டத்தை வழங்கியது 2022இல். நூற்று அறுபது ஆண்டுகள்! பணத்துக்கு நன்றி சொல்லப் பழகிய நிறுவனங்கள், எண்ணத்தைத் தந்தவருக்கு நன்றி சொல்வதற்குத் தடுமாறுகின்றன. இந்நோய் துறவற சபைகளுக்கு மட்டும் உரியதன்று. நமது சனசமூக நிலையங்களையும் வாசிகசாலைகளையும் தொடங்கியவர்கள் யாரென்று அவற்றின் இன்றைய நிருவாகிகளைக் கேட்டுப் பாருங்கள்.

அக்காசுகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதில் ஒரு வியப்பும் உண்டு. மானிப்பாயில் 1875இற் பிறந்து, புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்து, 1895இல் அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்தவர் வைத்திலிங்கம் என்ற இளைஞர். அவரே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். அச்சபையின் கூரையின்கீழ் வாழ்ந்து, அதன் பந்தியில் உண்டு, அவர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' வெளியிட்டார். 1938 முதல் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாக அச்சிட்டார். அது முற்றுப்பெறுமுன் 1947இல் மறைந்தார். பிரான்சிலே காசு கொடுத்த ஏழை ஒருத்தி, தமிழ்ச் சொற்களின் வேரை ஒருவர் தேடுவதற்காகக் கொடுக்கவில்லை. ஆயினும் அவள் தாங்கிய சபையே அவரையும் தாங்கியது. அவளுக்கு அனுப்பப்பட்ட கணக்கில் இது வரவில்லை; வந்திருக்கவும் முடியாது.

அமலமரித் தியாகிகள் இலங்கைக்கு வந்த இருநூறாம் ஆண்டு நிறைவு 2047இல் வருகின்றது. விழா நடக்கும், மலர் வெளிவரும், வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் அதிற் பாதியை நிரப்பும். அம்மலரிலே, வாரம் ஒரு காசு கொடுத்தவர்களுக்கென ஒரு கடிதத்துக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்பது என் விண்ணப்பம். அதனைத் தமிழில் எழுதலாம்; பிரெஞ்சிலும் பெயர்க்கலாம். நடத்திய பள்ளிகளும் அச்சிட்ட நூல்களும் முற்றுப்பெறாத அகராதியும் அதில் வரட்டும். இவ்விடத்தில் கல் சுமந்தவர்களும், நெல் கொடுத்தவர்களும், வாதாடி மறுத்தவர்களுங்கூட அதில் வரட்டும். எழுதத் தக்க ஆசிரியர்களும் மாணவர்களும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றனர். பழைய கடிதத் தொகுதிகளைத் தேடி வாசிக்க இப்போதே தொடங்கினாற்றான் அதற்குள் எழுதி முடிக்கலாம்.