பாஞ்சோ யாருடைய வாத்தியம்?

புளூகிராஸ் கேட்டு உருகும் இசை ரசிகர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பாஞ்சோ வெள்ளைக்கார மலைசனங்களின் வாத்தியம் என்று உங்களுக்கு எவன் சொல்லிக்கொடுத்தான்?

சுரைக்குடுக்கையில் தோலை இழுத்துக்கட்டி, கழி செருகி, நரம்பு பூட்டியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கப்பலேற்றப்பட்ட சனங்கள். செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களிடம் அதன் உறவான அக்கோன்டிங் இன்றும் ஒலிக்கிறது. நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த தாமஸ் ஜெஃபர்சனே, 1780களில் எழுதிய நூலில், இது அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த வாத்தியம் என்று ஒப்புக்கொள்கிறான். எசமானுக்கே தெரிஞ்சிருக்கு, இவங்களுக்குத்தான் தெரியலையாம்!

பிறகு நடந்தது பச்சைத் திருட்டு. 1840களில் வெள்ளையர் முகத்தில் கரி பூசி மேடையேறி, கறுப்பரைக் கேலிசெய்ய அதே பாஞ்சோவை வாசித்தார்கள். கைதட்டலும் காசும் அவர்களுக்கு. அவமானம் உரியவர்களுக்கு. 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் கறுப்புக்கு ஒரு பட்டியல், வெள்ளைக்கு ஒரு பட்டியல் என்று பிரித்தான். அமெரிக்க அக்கிரகாரம்!

புளூகிராஸின் தந்தை என்கிறார்களே பில் மன்றோ, கென்டக்கியில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்புச் சுரங்கத் தொழிலாளியின் கிடாரைக் கேட்டு வளர்ந்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஷுல்ட்ஸ் 1931இல் செத்தார். அவர் வாசித்து ஒரு இசைத்தட்டுகூட இல்லை.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்புப் பாஞ்சோக் கலைஞர்கள் கூடினார்கள். அங்கே வந்த ரியானன் கிடென்ஸ் இன்று வாசிப்பது 1858ஆம் ஆண்டு மாதிரியில் செய்த பாஞ்சோ. கரிபூசிகள் வாசித்த அதே வகை. அதை மீட்டிக்கொண்டுதான் விற்கப்பட்ட அடிமைப் பெண்களின் கதையைப் பாடுகிறார்.