செல்லுக்குள் ஒரு காவலாளி

எச்.ஐ.வி. பற்றி நாம் படித்த பாடம் இவ்வளவுதான்: வைரஸ் வரும், சிடி4 செல்லுக்குள் நுழையும், பெருகும், செல் சாகும். படித்தால் செல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறது என்றே தோன்றும். அது தப்பு நண்பர்களே.

உள்ளே காவலுக்கு ஆள் உண்டு. 2002-ல் அடையாளம் கண்ட அப்போபெக்3ஜி என்ற புரதம், புதிதாக உருவாகும் வைரஸுக்குள் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். அந்த வைரஸ் அடுத்த செல்லில் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகலெடுக்கும்போது 'சி' எழுத்துகளை 'யு' ஆக்கிவிடும். இத்தனை எழுத்துப்பிழையோடு வைரஸ் பிழைக்காது. (என் தேர்வுத்தாள் ஞாபகம் வருகிறது!) ஆனால் வைரஸ் கெட்டிக்காரன். விஃப் என்ற தன் புரதத்தை ஏவி, இந்தக் காவலாளியைச் செல்லின் கழிவு இயந்திரத்திலேயே தள்ளி அழித்துவிடுகிறது.

2004-ல் தெரியவந்த ட்ரிம்5ஆல்ஃபா கதைதான் இன்னும் வயிற்றெரிச்சல். ரீசஸ் குரங்கின் ட்ரிம்5ஆல்ஃபா, எச்.ஐ.வி.யின் உட்கூட்டைப் பிடித்து முடக்கிவிடும். நம்முடையது கோட்டைவிடுகிறது. மனிதப் புரதத்தில் 332-ஆவது அமினோ அமிலத்தை மாற்றினாலே அதுவும் தடுக்கிறது என்று 2005-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள். ஒன்றே ஒன்று!

வைரஸின் நொதிகளை அடக்கும் மாத்திரைகள் லட்சக்கணக்கானோரை வாழவைக்கின்றன, மறுக்கவில்லை. அதே உட்கூட்டைக் குறிவைக்கும் லெனகபாவிர் என்ற மருந்தை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் தடுப்பு ஊசியாக 2025-ல் அமெரிக்கா அனுமதித்தது. குரங்கின் புரதம் கைவைத்த இடம் சரியான இடம்தான். ஆனால் விஃபைக் கட்டிப்போடும் மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை. நம் காவலாளியின் கைக்கட்டை அவிழ்க்கும் அந்த வேலைக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்பேன்.