கயிற்றை இழுத்தவருக்கு என்ன நேர்கிறது?

ஒரு பணியிடத்தின் பண்பாட்டை அறிய, அங்கே கடைசிப் படியில் இருப்பவர் ‘இது சரியில்லையே’ என்று வாய் திறந்தால் அடுத்த சில நிமிடங்களில் அவருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் போதும். மேலே இருப்பவர் வந்து உதவுகிறாரா, ‘உன் வேலையைப் பார்’ என்கிறாரா, மறுநாள் மெமோ வருகிறதா? ஊழியர்கள் வேறு எதையும்விட இதைத்தான் கூர்ந்து கவனிக்கிறார்கள். ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்த்து மற்றவர்கள் எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று முடிவு செய்துகொள்கிறார்கள். தலைமைப் பண்பு பற்றிய வகுப்புகளும் ஊக்கப் பேச்சுகளும் இந்த இடத்தைத் தொடாதவரை எதையும் மாற்றுவதில்லை. இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய தொழிற்சாலை ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃப்ரீமாண்ட் நகரில் இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1960களில் திறந்த கார் ஆலை அது. 1982இல் மூடப்பட்டபோது அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்திருந்தது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். திங்கட்கிழமை காலையில் அசெம்பிளி லைனை ஓட்டவே ஆள் போதாமல் போகும். ஆலைக்குள்ளேயே மது புழங்கியது. நிர்வாகத்தின் மீதிருந்த கோபத்தில் சிலர் வண்டிகளை வேண்டுமென்றே கெடுத்தார்கள். தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. தொழிற்சங்கமும் நிர்வாகமும் முகம் கொடுத்துப் பேசுவது அரிதாக இருந்தது.

அங்கே எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: லைன் நிற்கக் கூடாது. பாகம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தாலும், போல்ட் விட்டுப்போயிருந்தாலும் வண்டி அடுத்த ஆளிடம் நகர்ந்துகொண்டே இருக்கும். கோளாறுள்ள வண்டிகளைக் கடைசியில் ஓரமாக நிறுத்தி, தனி ஆட்கள் பிரித்து மாட்டுவார்கள். தன் கண்ணெதிரே தப்பு நடப்பதைப் பார்த்தும் அதைத் தடுக்க அதிகாரமில்லாத ஒருவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் அங்கே நின்றார். அவருக்கு வேலையில் மதிப்பு வராமல் போனதற்குச் சோம்பலையோ ஒழுக்கத்தையோ காரணம் சொல்வது நியாயமல்ல.

1983இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சிறிய கார்களை லாபத்தோடு செய்யும் வித்தை ஜெனரல் மோட்டார்ஸுக்கு வேண்டியிருந்தது. அமெரிக்கத் தொழிலாளர்களோடு தங்கள் முறை ஒத்துவருமா என்று டொயோட்டாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூடிக் கிடந்த ஃப்ரீமாண்ட் ஆலையை இரண்டும் சேர்ந்து ‘நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங்’ என்ற பெயரில் திறந்தன. சுருக்கமாக ‘நம்மி’. 1984 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. பழைய தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆலை மூடியபோது வேலை இழந்தவர்களையே திரும்ப எடுத்தார்கள். புதிய ஆலையின் தொழிலாளர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் பழையவர்கள். அதே ஊர், அதே கட்டடம், அதே சங்கம், பெரும்பாலும் அதே ஆட்கள். ஓராண்டுக்குள் வேலைக்கு வராதோர் அளவு 2, 3 விழுக்காட்டுக்கு இறங்கியது. காரின் தரம் ஜப்பானில் டொயோட்டா செய்த கார்களை நெருங்கியது. ஆட்கள் மாறவில்லை என்பதால்தான் இந்த ஆலை பின்னாளில் இவ்வளவு ஆராயப்பட்டது. ‘நம்ம ஆட்கள் அப்படித்தான், திருத்த முடியாது’ என்று சொல்லிக் கைகழுவும் நிர்வாகங்களுக்கு ஃப்ரீமாண்டில் ஆதரவு கிடைக்காது.

மாறியவற்றில் முக்கியமானது, லைன் நெடுகத் தலைக்கு மேலே ஓடிய ஒரு கயிறு. அந்தக் கயிறும் அதோடு இணைந்த விளக்குப் பலகையும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு ஜப்பானிய மொழியில் ‘அந்தோன்’ என்று பெயர். ஒரு வண்டி ஒரு தொழிலாளியின் முன்னால் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் இருக்கும். அதற்குள் தன் வேலையைச் சரியாக முடிக்க முடியவில்லை என்றாலோ, முன்னவர் செய்ததில் தப்புத் தெரிந்தாலோ அவர் கயிற்றை இழுப்பார். ஒரு மெட்டு ஒலிக்கும், பலகையில் அந்த இடத்தின் எண் விளக்காக எரியும். லைன் உடனே நின்றுவிடாது. குழுத் தலைவர் விரைந்து வருவார். முதலில் என்ன சிக்கல் என்று கேட்பார், பிறகு இருவரும் சேர்ந்து சரிசெய்வார்கள். வண்டி அந்த நிலையத்தின் எல்லைக் கோட்டைத் தொடுவதற்குள் வேலை முடிந்துவிட்டால் கயிற்றை மறுபடி இழுத்து விளக்கை அணைத்துவிடுவார். முடியவில்லை என்றால் மட்டுமே லைன் நிற்கும். நின்றால் அது இழுத்தவரின் குற்றமாகாது; ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது மேலே இருப்பவர்களின் வேலை.

கயிற்றைக் கட்டுவது எளிது. அதை ஒருவர் அச்சமின்றி இழுப்பதற்குப் பின்னால் வேறு பல ஏற்பாடுகள் இருந்தன. நாலைந்து பேருக்கு ஒரு குழுத் தலைவர் இருந்தார், அவர் அதே வேலையைச் செய்து வளர்ந்தவர். கூப்பிட்ட சில விநாடிகளில் வர முடிகிற தொலைவிலேயே நின்றார். பழைய ஆலையில் ஏறத்தாழ 80ஆக இருந்த வேலைப் பிரிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைக்கப்பட்டதால் ‘அது என் வேலையில்லை’ என்ற பேச்சு குறைந்தது. அதிகாரிகளுக்கென்று இருந்த தனி உணவுக்கூடமும் தனி வண்டி நிறுத்துமிடமும் போயின. நூற்றுக்கணக்கான குழுத் தலைவர்கள் ஜப்பானில் உள்ள தகாவோகா ஆலைக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே தங்களைப் போன்ற ஒரு தொழிலாளி லைனை நிறுத்துவதையும், அதற்காக யாரும் அவரை ஏசாததையும் நேரில் பார்த்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் வேலைப் பாதுகாப்பு. நிறுவனத்துக்கே ஆபத்து வரும் அளவுக்கு நிலைமை மோசமானாலொழிய ஆட்குறைப்பு இல்லை, அப்படி வந்தாலும் முதலில் நிர்வாகிகளின் சம்பளம் குறைக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. எழுதியது வெறும் எழுத்தா என்பது 1988இல் தெரிந்தது. கார் விற்பனை சரிந்து ஆலையில் வேலை குறைந்த காலம் அது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிஞ்சிய நேரத்தைப் பயிற்சிக்கும் லைனைச் சீர்படுத்துவதற்கும் செலவிட்டார்கள். ஒரு தலைமை தன் சொல்லைக் காப்பாற்றுகிறதா என்பது இத்தகைய கஷ்ட காலத்தில்தான் தெரியும். ஃப்ரீமாண்ட் தொழிலாளர்கள் நிர்வாகத்தை நம்பத் தொடங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

டொயோட்டாவில் பணியாற்றி இந்த ஆலையின் பயிற்சித் திட்டத்தில் பங்குகொண்ட ஜான் ஷூக் என்ற அமெரிக்கர் 2010இல் எழுதிய கட்டுரை மேலாண்மை உலகில் பரவலாகப் படிக்கப்பட்டது. மனத்தை மாற்றினால் நடத்தை மாறும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. நம்மியில் நடந்தது தலைகீழ் என்கிறார் அவர். முதலில் அன்றாடச் செயல் மாறியது. கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள், உதவி வந்தது. பலமுறை வந்த பிறகு எண்ணம் மாறியது. மனப்பான்மையைத் திருத்துவதாகச் சொல்லும் பயிலரங்குகளுக்குப் பணத்தை வாரி இறைக்கும் நிறுவனங்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

நம்மியைச் சொர்க்கமாகச் சித்திரிப்பதும் சரியல்ல. அமெரிக்கத் தொழிற்சங்க எழுத்தாளர்களான மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1980களின் பிற்பகுதியிலேயே இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஓய்வுக்கு இடைவெளியே விடாமல் ஒவ்வொரு விநாடியையும் வேலையால் நிரப்பி, மன அழுத்தத்தைக் கொண்டே ஆலையை ஓட்டுகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருந்தது. வேலையின் வேகம் பழைய ஆலையைவிட அதிகம். உடல் வலியும் காயங்களும் பிற்காலத்தில் அங்கே பெரிய பிரச்சினையாயின. பேசும் உரிமை கிடைத்துவிட்டதாலேயே உழைப்பின் சுமை தானாக நியாயமாகிவிடாது. அதற்குச் சங்கம் தனியே பேரம் பேசித்தான் ஆக வேண்டும்.

பக்கத்திலேயே கூட்டாளியாக இருந்தும் ஜெனரல் மோட்டார்ஸால் இதைத் தன் மற்ற ஆலைகளுக்கு உடனே கொண்டுபோக முடியவில்லை. கலிபோர்னியாவின் தென்பகுதியில் இருந்த தன் வான் நைஸ் ஆலையில் குழு முறையைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அங்கே மேலாளர்களின் மதிப்பு எத்தனை வண்டி வெளியே போயிற்று என்பதைப் பொறுத்தே இருந்தது. லைன் நின்றால் தன் போனஸ் குறையும் என்ற நிலையில் உள்ள ஒருவர், நிறுத்தியவருக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்ப்பது வீண். ஆலை மூடப்பட்டுவிடும் என்ற மிரட்டலோடு வந்த மாற்றத்தைத் தொழிலாளர்களும் நம்பவில்லை. வான் நைஸ் ஆலை 1992இல் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூனில் திவாலுக்கு மனுச் செய்தது. நம்மியும் 2010 ஏப்ரலில் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது டெஸ்லா கார்கள் உருவாகின்றன.

பேச அஞ்சும் பண்பாடு கார் ஆலையில் பழுதான வண்டியோடு முடிகிறது. வேறு சில இடங்களில் உயிர் போகிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில், பனிமூட்டத்தில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். மோதிய டச்சு விமானத்தின் தலைமை விமானி அந்த விமான நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் விலகவில்லையோ என்று அவரது விமானப் பொறியாளர் கேட்டார். தலைமை விமானி விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னதும் அந்தக் கேள்வி அத்தோடு நின்றது. இதுபோன்ற விபத்துகளை ஆராய்ந்த பிறகு, இளையவர் ஐயத்தை உரக்கச் சொல்லவும் மூத்தவர் காது கொடுக்கவும் பழக்கும் பயிற்சி உருவானது. 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதைத் தொடங்கியது, இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அது கட்டாயம். ‘சார்’ என்று விளித்தே பேச்சைத் தொடங்கும் அலுவலகங்களுக்கு இந்தப் பயிற்சி விமானிகளைவிட அதிகம் தேவைப்படலாம்.

மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வும் இங்கே முக்கியம். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருந்து கொடுப்பதில் நிகழும் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகள் அங்கேதான் அதிகம். நல்ல குழுவினர் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறுகளை மறைக்கவில்லை என்பது பிறகே அவருக்குப் புரிந்தது. புகார் ஒன்றுகூட வராத பிரிவைப் பார்த்துப் பெருமைப்படும் அதிகாரி பல நேரங்களில் தன் காதுக்கு எதுவும் எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

தவறு நடந்த பிறகு பழி யார் தலையில் விழுகிறது என்பது அடுத்த முறை யார் பேசுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. ஏவுவதற்குச் சற்று முன் கணினி நிறுத்தச் சொன்னதையும், வல்லுநர்களைக் கேட்டு அதை மீறி ஏவ முடிவெடுத்தவர் தானே என்பதையும் திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர்களிடம் தோல்வியைத் தன் பொறுப்பாக ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். இந்த நிகழ்ச்சியைத் தவானின் பெருந்தன்மைக்குச் சான்றாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் இடைப்பட்ட பதினோரு மாதங்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பழிக்கு அஞ்சி ஒளிய வேண்டிய தேவை இல்லாததால் குழு கோளாறைத் தோண்டி எடுத்துச் சரிசெய்ய முடிந்தது.

தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஜப்பானிய முறை புதிதல்ல. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல், தர மேலாண்மைக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். லைனை நிறுத்தும் கயிறோ பொத்தானோ ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டார ஆலைகளில் அறியாத பொருளல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஆலைகளில் லைனில் நிற்பவர்களில் கணிசமானோர் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் பயிற்சி பெறுவோரும். கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் சம்பளச் சீட்டில் ஆலையின் பெயர் இருக்காது, ஒப்பந்தம் எப்போது முடியும் என்பது அவர்கள் கையில் இல்லை. அருகில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி பொத்தானை அழுத்தலாம். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒதுங்கும் கான்ட்ராக்ட் தொழிலாளியைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அவரது கணக்குச் சரியானது. சங்கத்தை ஏற்பதே பெரும் சண்டையாகும் சூழலும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொடங்கி 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்துக்கு அங்கீகாரம். ஃப்ரீமாண்டிலோ சங்கத்தை ஏற்றுக்கொண்டு, வேலைக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்த பிறகே கயிறு வேலை செய்தது. ஜப்பானிய முறையை வாங்கி மாட்டிய இங்குள்ள நிர்வாகங்கள், கான்ட்ராக்ட் தொழிலாளி கோளாறைச் சொன்னதற்காக அவரை மாற்றவோ நிறுத்தவோ கூடாது என்று ஒப்பந்ததாரரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையில் ஒரு வரி சேர்ப்பதிலிருந்தாவது தொடங்கலாம்.