டி-ஷர்ட்டுக்காக குவிந்த கோடு: ஓப்பன் சோர்ஸில் திருத்தம் சொல்வது எப்படி?

2020 அக்டோபர். ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்களுக்கு 4 திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் இலவசம் என்றது டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தின் ஹாக்டோபர்ஃபெஸ்ட். விளைவு? ரீட்மி ஃபைலில் ‘அருமையான புராஜெக்ட்’ என ஒரு வரியைச் சேர்த்து அனுப்பியவர்கள் ஏராளம். இந்திய யூடியூப் வீடியோ ஒன்றைப் பார்த்துதான் பலர் இப்படிச் செய்தாங்க என்று அப்போது பேசப்பட்டது.

சம்பளமே இல்லாமல் புராஜெக்ட்டைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூட வேண்டியிருந்தது. சில நாட்களிலேயே விதி மாறியது. சம்மதம் சொன்ன புராஜெக்ட்கள் மட்டுமே கணக்கில் வரும்.

அந்தக் கோபம் நியாயம்தான். ஆனா நிஜமாவே கத்துக்க வர்ற பசங்களும் அதில் அடிபடுறாங்க. புளியங்குடியில் ஒரு மாணவி தமிழ் எழுத்துகளை எண்ணும் கோடு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தப்பு’ என்று மூடிவிட்டால் அவர் திரும்ப வரமாட்டார். ‘புளியங்குடி 6 எழுத்து. உங்க கோடு 11 காட்டுது. யுனிகோடில் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியா எண்ணப்படும், மெய்யோடு சேர்த்து எண்ணுங்க’ என்று சொன்னால்? பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார்.

அனுப்புறவங்களுக்கும் வேலை இருக்கு. இதற்கான ஃபங்ஷன் ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் ஏற்கெனவே இருக்கு. முதல்ல அதைப் பார்த்துட்டு எழுதணும்.