என் செருப்பு ஸ்டாண்டும் எதிர் வீட்டு மாமாவும்

 

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் கூட்டத்தில் நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். 34 வருடம் வகுப்பில் பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்தவள் நான். என் முறை வரும்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. ஏன் கேட்டேன் என்பதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

மயிலாப்பூரில் நான் இருக்கும் கட்டடத்தில் 16 வீடுகள். குடிவந்தபோது எல்லோர் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள். இன்று 11 வீடுகளில் அறுபது தாண்டியவர்கள் மட்டும்தான். கோவைப் பக்கத்திலும் நம் கேளம்பாக்கம் பக்கத்திலும் மூத்தோருக்கென்றே குடியிருப்புகள் கட்டி விற்கிறார்கள். எங்கள் கட்டடத்தை யாரும் அப்படிக் கட்டவில்லை. நாங்கள் வயதாகி வயதாகி அதை அப்படி ஆக்கிவிட்டோம். மந்தைவெளி, தி. நகர், அடையாறு என்று எங்கே போனாலும் இப்போது இதே கதைதான்.

என் வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு. பக்கத்தில் இரண்டு துளசித் தொட்டி, ஒரு கற்றாழை. செக்ரட்டரி இரண்டு முறை வந்து, "டீச்சர், நடையில எதுவும் வைக்கக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்கோம், கொஞ்சம் உள்ளே வெச்சுக்கோங்களேன்" என்று பணிவாகத்தான் கேட்டார். அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதுதான். "நான் 31 வருஷமா இங்கே இருக்கேன். நேத்து வந்தவங்க எனக்கு ரூல் சொல்லணுமா?" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நானும் ஏதோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எதிர் வீட்டு மாமாவுக்கு 84 வயது. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். மாமி என் கதவைத்தான் தட்டினார். 108-க்குப் போன் செய்தோம், சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஆனால் எங்கள் லிஃப்டில் நாலு பேர் நிற்பதே கஷ்டம், ஸ்ட்ரெச்சர் நுழையாது. படிக்கட்டு வழியாகத்தான் இறக்க வேண்டும். மாமாவைப் படுக்க வைத்துத் தூக்கி வந்தவர்களால் என் வாசலருகே திரும்ப முடியவில்லை. ஒருவர் ஸ்டாண்டை இழுத்தார், செருப்பெல்லாம் படியில் உருண்டது. தொட்டிகளை நானே தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதற்குள் ஆறேழு நிமிடம் போய்விட்டது. அவ்வளவு நேரமும் மாமா வலியில் முனகியது இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் நடையின் அகலம் 4 அடி. என் ஸ்டாண்டு ஒன்றேகால் அடி. மீதி எவ்வளவு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கணக்கு டீச்சருக்குத்தான் அந்தக் கழித்தல் இத்தனை வருடம் தோன்றவில்லை.

இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து, கடவுள் புண்ணியத்தில் மாமா வீடு திரும்பிவிட்டார். இப்போது வாக்கரில் நடக்கிறார். வந்த அன்று என் வாசலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், துளசி எங்கே?" என்று கேட்டார். பால்கனிக்குப் போய்விட்டது என்றேன். வேறு ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அந்த நடை என்னுடையது என்று எப்படி நினைத்தேன்? நம் பத்திரத்தில் யூ.டி.எஸ். என்று போட்டிருப்பார்கள், பிரிபடாத பங்கு. நிலத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த மூலை உன்னுடையது, அந்த மூலை என்னுடையது என்று கோடு போட முடியாது. நடை, படிக்கட்டு, மொட்டை மாடி எல்லாவற்றுக்கும் அதே நியாயம்தான். தமிழ்நாட்டில் 1994-ல் வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து, 2024 மார்ச்சில் நடைமுறைப்படுத்தினார்கள். பழையதோ புதியதோ, பொது இடம் பொது இடம்தான். 31 வருடம் இருந்ததால் என் பங்கு ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை.

சத்தமும் அப்படித்தான். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பகலில் 55. அதே 2000-ல் நம் சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வழிபாட்டின் பெயரால்கூட வயதானவர்கள், நோயாளிகள், படிக்கிற பிள்ளைகள், தூங்குகிற குழந்தைகளுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. எந்த மதமாக இருந்தாலும் இது பொருந்தும். விடிகாலை நாலரைக்கு ஸ்பீக்கரில் சுப்ரபாதம் வைக்கிற நமக்கும் சேர்த்துத்தான். காது மந்தமாகிவிட்டதால் சீரியலை அலறவிடுகிற எனக்கும்தான்.

இத்தனையும் சொன்னதால், அசோசியேஷன் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு வரும் அம்மாவும் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் பெண்ணும் லிஃப்டில் ஏறக் கூடாது என்று ஒரு கட்டடத்தில் போர்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். மூன்று மாடி ஏறி வந்துதான் அந்தப் பெண் நம் வீட்டுப் பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். இதற்குப் பெயர் விதி இல்லை, திமிர். வளர்ப்பு நாயே கூடாது என்று தீர்மானம் போடுகிறார்கள். பெரும்பான்மை இருந்தாலும் அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. தனியாக இருக்கும் ஒருவருக்கு அந்த நாய்தான் பேச்சுத்துணை. மெயின்டனன்ஸ் கட்டாதவர் பெயரை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு அவமானப்படுத்துவதும் சரியில்லை. ஒருமுறை கதவைத் தட்டி, உட்கார்ந்து கேட்டால் காரணம் தெரிந்துவிடும்.

ஒரு விதி நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். கட்டடத்தில் யார் ரொம்பவும் பலவீனமோ, அவருக்கு அந்த விதி உதவுகிறதா? நடையைக் காலியாக வைப்பது மாமாவுக்கு உதவும், அதனால் நல்ல விதி. நர்ஸைப் படியேற வைப்பது யாருக்கும் உதவாது, அதனால் கெட்ட விதி.

இனி வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உரிமையோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் உங்கள் எச்.ஓ.ஏ. புல் உயரமாகிவிட்டது என்று கடிதம் போட்டால் அந்த வாரமே வெட்டுகிறீர்கள். சிங்கப்பூர் அரசுக் குடியிருப்புகளில் பொது நடையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று தீயணைப்புத் துறை விதி வைத்திருக்கிறது. அதை மீறுவதில்லை. (1.2 மீட்டர் என்றால் ஏறக்குறைய 4 அடி. எங்கள் நடை மொத்தமே அவ்வளவுதான்!) ஆனால் இங்கே பூட்டிக் கிடக்கும் உங்கள் ஃப்ளாட்டுக்கு மெயின்டனன்ஸ் கேட்டால், "நாங்க தண்ணியே யூஸ் பண்ணலையே" என்கிறீர்கள். லிஃப்டும் வாட்ச்மேனும் உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான். அதைவிட முக்கியம், அந்தக் கட்டடத்தில்தான் உங்கள் அப்பா அம்மா இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவர்கள் தட்டப்போவது நியூ ஜெர்சிக் கதவை இல்லை, எதிர் வீட்டுக் கதவைத்தான். அந்த வீட்டுக்காரரின் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? அடுத்த முறை வரும்போது அம்மாவின் முறுக்கோடு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இரண்டு பக்க விதிகளைச் சுருக்கி ஐந்தாக்கிவிட்டோம். நடையிலும் படியிலும் எதுவும் வைக்கக் கூடாது. கேட்டுக்கு எதிரே யார் காரும் நிற்கக் கூடாது, அறுபத்துமூவர் அன்று உறவினர் வந்தாலும்கூட. மதியம் 1 முதல் 4 வரை டிரில்லிங், சுத்தியல் வேலை கிடையாது. ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது. தனியாக இருப்பவர்கள் ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும்.

ஐந்தாவது விதியை முன்மொழிந்தது நான். என் சாவி இப்போது மாமி வீட்டில் ஆணியில் தொங்குகிறது. சண்டை போட்ட வீட்டில் யாராலும் சாவி கொடுக்க முடியாது, பிள்ளைகளே. அதனால்தான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். கூட்டம் முடிந்து செக்ரட்டரி தம்பிக்கு என் கையால் காபியும் கொடுத்தேன்.

உங்கள் கட்டடத்தில் எப்படி என்று கீழே எழுதுங்கள், படிக்கிறேன். எழுதும் முன் ஒரு நிமிடம் கதவைத் திறந்து, உங்கள் வாசல் நடையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.
உங்கள் கணக்கு டீச்சர்