ஆற்றுப்படையும் அடுக்களையும்

எளிய வாழ்வைப் போற்றும் சொற்பொழிவுகள் நம்மிடையே பெருகியுள்ள அளவுக்கு எளிய வாழ்வு பெருகவில்லை. எளிமையை வறுமையின் மறுபெயராகக் கருதும் மயக்கமே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. மயக்கம் தெளியப் பத்துப்பாட்டே போதும்.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. அதில் ஒரு பாணனின் அடுக்களை வருகிறது. பசித்த நாய் குட்டி ஈன்று கிடக்கும் அடுக்களை அது. பாணன் மனைவி குப்பைக் கீரையைக் கொய்து, உப்புமின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இது வறுமை. இதனை எளிமையென்று புகழ்வோர், கதவை அடைத்தவளின் நாணத்தை அறியாதவர்கள். அதே நூலில், வழிச்செல்லும் பாணர்க்கு எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கிறது. வேலூரில் புளியிட்ட சுடுசோறு. ஆமூர் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக்கறியும். தம் நிலம் தந்ததைத் தம் கையால் சமைத்து, வந்தவர்க்கும் இடுகின்றனர். எளிமை இதுவே.

கால்நடையாகச் சென்றதனாலன்றோ நிலத்துக்கு நிலம் மாறும் சுவையைப் பாணர் அறிந்தனர்! 1325இல் ஹஜ்ஜை நாடித் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, தம் பயணங்களையெல்லாம் முடித்து மொராக்கோவில் நிலைகொண்டது 1354இல். மலபார், இலங்கை, மாலத்தீவு, சோழமண்டலக் கரை ஆகிய இடங்களில் மூன்றாண்டுகள் சோற்றையே உண்டதாகவும், இறுதியில் தண்ணீர் குடித்தே அதனை விழுங்க நேர்ந்ததாகவும் அவர் குறைபட்டுக்கொள்கிறார். சோறுண்ணும் நமக்கு இது புன்னகையை வரவழைக்கும். எனினும், ஓர் ஊரின் உணவு சலிக்கும்வரை அவ்வூரில் தங்கியவரே அதனை அறிந்தவர். மூன்று நாளில் ஏழு ஊர் காட்டும் இன்றைய சுற்றுலாவில் சலிப்பதற்குக்கூட நேரமில்லை.

ரமலானில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால். வசதியிருந்தால் சிறிது கொத்துக்கறி. பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு இதமான உணவு. செல்வரும் கூலித்தொழிலாளரும் ஒரே வரிசையில் அமர்ந்து அருந்துவது. அக்கஞ்சிக் கோப்பையைச் சுற்றி இன்று எண்ணெயில் பொரித்தவையும் புட்டிப் பானங்களும் குவிகின்றன. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்குரியது என்னும் நபிமொழியை மேடையில் கேட்டுவிட்டு அக்குவியலை நோக்கி நடக்கிறோம்.

வலீமா விருந்தின் நிலையோ இதனினும் கொடிது. இரவல் பகட்டுக்காகக் கடன்பட்டு, அக்கடனை அடைக்க இளைஞர் கடல் கடந்து ஆண்டுகளைத் தொலைக்கும் குடும்பங்களை நம் மாணவர் பலர் அறிவர். விருந்தில் இத்தனை வகைக்கு மேல் கூடாதென ஜமாஅத்துகள் வரையறுத்தால் என்ன? பெரியோர்கள் தங்கள் இல்லத் திருமணங்களிலிருந்தே தொடங்கலாம். பிறர் வீட்டுத் திருமணத்திற்குச் சட்டம் வகுப்பது எளிது.

வீட்டுச் சமையலைப் புகழும் ஆடவர்க்கும் ஒரு சொல். அடுப்படியில் வேகும் பெண்ணுக்கு அது ஓய்வான வாழ்வன்று. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் துணைநிற்பார்கள் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. விடுதியில் பொட்டலச் சோற்றை நம்பி வாழும் மாணவர், விடுமுறையில் தாயிடம் ஒரு கஞ்சியேனும் காய்ச்சக் கற்கட்டும்.

நம் துறையின் கல்விச் சுற்றுலா குறித்தும் ஒன்று கூற வேண்டும். அடுத்த முறை பேருந்துச் சக்கரம் ஓயாமல் ஓடவேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் இரண்டு நாள் தங்குவோம். மார்க்கோ போலோ குறித்த துறைமுகம் எங்கிருந்தது என மணலில் நடந்து கேட்டறிவோம். பழைய பள்ளிவாசல்களின் கற்றூண்களை நின்று பார்ப்போம். இசைவு தரும் இல்லத்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தமர்ந்து உண்போம். செலவும் குறையும்.